அரசியல் புரட்சிகளின் காரணங்களும் விளைவுகளும்: பிரான்சு, ருஷ்யா, ஈரான் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

புரட்சிகளின் காரணங்களை அரசியல், சமூக, பொருளாதார, அறிவுசார் காரணங்கள் எனப் பகுத்துப் பட்டியலிடுவது வரலாற்றுப் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட மரபாகும். அப்பட்டியலில் இடம்பெறும் காரணங்களுள் எது இன்றியமையாதது, எது துணைநின்றது என்பதை அம்மரபு வேறுபடுத்திக் காட்டுவதில்லை. 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சி, 1917ஆம் ஆண்டின் ருஷ்யப் புரட்சி, 1979ஆம் ஆண்டின் ஈரானியப் புரட்சி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, வறுமையும் ஒடுக்குமுறையும் மட்டுமே புரட்சிக்குப் போதிய காரணங்கள் ஆகா என்பதையும், அரசின் நிதி, மேல்தட்டினரின் ஒத்துழைப்பு, படையின் கீழ்ப்படிதல் ஆகிய மூன்றும் ஒருசேரக் குலைவதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. புரட்சியின் விளைவுகள் அதன் தொடக்க முழக்கங்களிலிருந்து நேராகப் பிறப்பதில்லை என்பதும் இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புரட்சி, ஒப்பாய்வு, நிதி நெருக்கடி, படையின் கீழ்ப்படிதல், இரட்டை அதிகாரம், நில உடைமை, அரசு அதிகாரம்.

முன்னுரை

ஓர் அரசு வீழ்வதற்கும் ஒரு புரட்சி நிகழ்வதற்கும் வேறுபாடு உண்டு. அரண்மனைச் சதியால் மன்னர் மாறலாம். படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றலாம். ஆளுவோர் மாறுவதோடு ஆட்சிமுறையும், உடைமை உறவுகளும், அதிகாரத்திற்கு அடிப்படையாகக் கருதப்படும் கொள்கையும் மக்களின் நேரடிப் பங்கேற்பினால் குறுகிய காலத்தில் மாறும்போதே அதனைப் புரட்சி என்கிறோம். இக்கட்டுரை அப்பொருளிலேயே அச்சொல்லைக் கையாளுகிறது.

‘மக்கள் துன்புற்றனர், ஆகவே கிளர்ந்தெழுந்தனர்’ என்பது புரட்சி குறித்துப் பரவலாக வழங்கும் விளக்கம். இது கேட்பதற்கு இயல்பாகத் தோன்றினும் வரலாற்றுச் சான்றுகளின் முன் நிற்பதில்லை. 1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் எண்ணற்றோர் மடிந்தனர். தானியக் கொள்ளைகள் ஆங்காங்கே நிகழ்ந்தன. புரட்சி எதுவும் நிகழவில்லை. மாறாக, எண்ணெய் வருவாய் பெருகியிருந்த ஈரானில் 1979இல் முடியாட்சி வீழ்ந்தது. துன்பத்தின் அளவே புரட்சியைத் தீர்மானிக்குமெனில் இவ்விரு நிகழ்வுகளும் தலைகீழாக அமைந்திருக்க வேண்டும். இம்முரணே இவ்வாய்வின் தொடக்கப் புள்ளியாகும்.

ஆய்வு முன்னோடிகளும் அணுகுமுறையும்

புரட்சிகளை விளக்க முயன்றோருள் அலெக்சி டி டோக்வில் முதன்மையானவர். 1856இல் வெளிவந்த ‘பழைய ஆட்சியும் புரட்சியும்’ என்னும் நூலில் அவர் இரு கருத்துகளை முன்வைத்தார். மக்களின் நிலை சீர்கெட்டுக்கொண்டே செல்லும்போது அன்றி, அது சீரடையத் தொடங்கும் காலத்திலேயே புரட்சி பெரும்பாலும் வெடிக்கிறது என்பது முதலாவது. மன்னராட்சி தொடங்கி வைத்த அதிகாரக் குவிப்பைப் புரட்சி அழிக்கவில்லை, நிறைவேற்றவே செய்தது என்பது இரண்டாவது. 1938இல் கிரேன் பிரின்டன் இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்சு, ருஷ்யா ஆகியவற்றின் புரட்சிகளை ஒப்பிட்டு, மிதவாதிகளின் ஆட்சி, தீவிரவாதிகளின் எழுச்சி, பயங்கர ஆட்சி, தணிவு என்னும் பொதுப் படிநிலைகளைக் கண்டார். 1979இல் தீடா ஸ்காச்போல் பிரான்சு, ருஷ்யா, சீனா ஆகிய நாடுகளை ஆராய்ந்து, பன்னாட்டுப் போட்டியின் அழுத்தத்தால் அரசு இயந்திரம் தளர்வதும் உழவர் எழுச்சியும் இணைவதே சமூகப் புரட்சிக்கு வழிவகுத்தது என்றார்.

ஸ்காச்போலின் நூல் வெளிவந்த அதே ஆண்டில் ஈரானியப் புரட்சி வெற்றி பெற்றது. அங்கு அரசு போரில் தோற்கவில்லை. உழவர் எழுச்சியும் முதன்மைப் பங்கு வகிக்கவில்லை. எனவே 1982இல் அவரே, ஈரானில் புரட்சி திட்டமிட்ட மக்கள் இயக்கத்தால் உருவாக்கப்பட்டது என்று ஏற்றுத் தம் கருத்தை விரிவுபடுத்தினார். ஒரு கோட்பாட்டுக்கு இடர் தரும் சான்றையும் ஒப்பாய்வில் சேர்ப்பதன் பயன் இதனால் விளங்கும். இக்கட்டுரை ஈரானைத் தேர்ந்துகொண்டதும் இக்காரணம் பற்றியே.

ஜான் ஸ்டூவர்ட் மில் வகுத்த ஒற்றுமை முறை, வேற்றுமை முறை ஆகிய இரண்டும் இங்குப் பின்பற்றப்படுகின்றன. மூன்று புரட்சிகளுக்கும் பொதுவான கூறுகளைத் தேடுவது முதல் முறை. புரட்சி வென்ற சூழலையும் தோற்ற சூழலையும் ஒப்பிடுவது இரண்டாம் முறை. பின்னதற்கு ருஷ்யாவின் 1905ஆம் ஆண்டு எழுச்சி தக்க சான்றாகிறது.

அரசின் நிதி நெருக்கடி

பிரெஞ்சு நாடு அன்றைய ஐரோப்பாவின் வறிய நாடு அன்று. வறுமைப்பட்டிருந்தது அந்நாட்டின் அரசே. 1778 முதல் 1783 வரை அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதால் கடன் பெருகியது. 1788இல் அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கே சென்றது. செல்வம் மிகுந்த பிரபுக்களும் திருச்சபையினரும் பல வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தமையால், செல்வம் நாட்டில் இருந்தும் கருவூலத்தை வந்தடையவில்லை. 1786இல் நிதிப்பொறுப்பாளர் கலோன் அனைவருக்கும் பொதுவான நிலவரியை முன்மொழிந்தார். 1787இல் கூடிய பெருமக்கள் அவை அதனை ஏற்கவில்லை. 1788 ஆகஸ்டில் அரசு பணம் வழங்குவதை நிறுத்தும் நிலைக்குத் தள்ளப்பட்டது. 1614க்குப் பின் கூட்டப்படாதிருந்த எஸ்டேட்ஸ் ஜெனரல் என்னும் பேரவை 1789 மே 5 அன்று கூடியதற்கு இதுவே உடனடிக் காரணம். அதே காலத்தில் 1788ஆம் ஆண்டின் விளைச்சல் பொய்த்து, ரொட்டியின் விலை 1789 ஜூலையில் உச்சத்தை எட்டியது. அரசின் நெருக்கடியும் அடுப்பங்கரையின் நெருக்கடியும் ஒரே பருவத்தில் சந்தித்தன.

ருஷ்யாவில் நெருக்கடி போரின் வடிவில் வந்தது. 1914இல் தொடங்கிய உலகப் போருக்காக ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர் படையில் சேர்க்கப்பட்டனர். அரசு தாள் பணத்தை அச்சிட்டுப் போரை நடத்தியதால் விலைவாசி உயர்ந்தது. தொடர்வண்டிப் போக்குவரத்து சீர்குலைந்ததால் நாட்டில் தானியம் இருந்தும் தலைநகருக்குப் போதிய அளவு வந்து சேரவில்லை. பெட்ரோகிராடில் 1917 பிப்ரவரியில் நிலவிய ரொட்டித் தட்டுப்பாடு முழுமையான பஞ்சம் அன்று. வழங்கல் முறையின் தோல்வி.

ஈரானின் நெருக்கடி வளத்திலிருந்து பிறந்தது. 1973–74இல் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. அவ்வருவாயை அரசு விரைந்து செலவிட்டதால் பணவீக்கமும், நகரங்களில் வீட்டு வாடகை உயர்வும், ஊரகத்தோரின் பெருந்திரள் இடப்பெயர்வும் ஏற்பட்டன. 1977இல் செலவைக் குறைக்க அரசு முற்பட்டபோது கட்டுமானத் தொழில் தேங்கி வேலையின்மை தலைதூக்கியது. எதிர்பார்ப்பு உயர்ந்தபின் ஏற்படும் திடீர்ச் சரிவே கிளர்ச்சிக்கு வித்திடுகிறது என 1962இல் ஜேம்ஸ் டேவிஸ் முன்வைத்த கருத்துக்கு ஈரான் பொருந்திவருகிறது.

மூன்று நாடுகளிலும் நெருக்கடியின் வடிவம் வேறு. எனினும், அரசு தன் பழைய வாக்குறுதிகளை நிறைவேற்ற இயலாத நிலை மூன்றிற்கும் பொதுவானது.

மேல்தட்டினரின் விலகல்

நிதி நெருக்கடியை மட்டும் சந்தித்த அரசுகள் பல பிழைத்திருக்கின்றன. தம்மைத் தாங்கி நின்றோரையே அவை இழக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. பிரான்சில் மன்னரின் சீர்திருத்தத்தை முதலில் எதிர்த்தோர் உழவரோ தொழிலாளரோ அல்லர். உயர்நீதி மன்றங்களும் பிரபுக்களுமே ஆவர். தம் சலுகைகளைக் காக்க அவர்கள் திறந்த வாயிலின் வழியே மூன்றாம் வகுப்பினர் நுழைந்து, 1789 ஜூன் 17 அன்று தம்மைத் தேசிய சபையாக அறிவித்துக் கொண்டனர்.

ருஷ்யாவில் 1915இல் டூமா அவையின் பெரும்பான்மையினர் ‘முற்போக்குக் கூட்டணி’யாக இணைந்து மக்கள் நம்பிக்கை பெற்ற அமைச்சரவையைக் கோரினர். ஜார் இரண்டாம் நிக்கோலஸ் அதனை மறுத்ததோடு, படையின் தலைமையையும் தாமே ஏற்றார். அதன்பின் ஒவ்வொரு போர்த் தோல்வியும் அவரது சொந்தத் தோல்வியாயிற்று. 1917 மார்ச்சில் முடிதுறக்குமாறு அவருக்கு அறிவுரை கூறியோர் அவருடைய படைத்தலைவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

ஈரானின் ஷா முகம்மது ரிசா பஹ்லவி தம் ஆதரவுத் தளங்களைத் தாமே ஒவ்வொன்றாக இழந்தார். 1963இல் தொடங்கிய ‘வெண்மைப் புரட்சி’யின் நிலச்சீர்திருத்தம் பெருநிலக்கிழார்களின் செல்வாக்கைக் குறைத்தது. 1975இல் பிற கட்சிகள் கலைக்கப்பட்டு ஒரே கட்சி முறை கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில் கொள்ளை இலாபத் தடுப்பு என்னும் பெயரில் பஜார் வணிகர்கள் தண்டிக்கப்பட்டனர். சமய அறிஞர்களோடு நெடுநாளாகத் தொடர்பு கொண்டிருந்த அவ்வணிகர்கள் எதிர்ப்பியக்கத்தின் நிதி ஆதாரமாக மாறினர்.

மக்கள் எழுச்சியும் அமைப்பு வலையும்

மக்கள் தனித்தனியே கொள்ளும் சினம் கூட்டுச் செயலாக மாற ஓர் அமைப்பு தேவை. பிரான்சில் ஊர்ச் சபைகளும், எஸ்டேட்ஸ் ஜெனரலுக்காகத் தொகுக்கப்பட்ட குறைமனுக்களும், பாரிசு நகரின் தேர்தல் வட்டங்களும் அப்பணியைச் செய்தன. ருஷ்யாவில் தொழிற்சாலைகளும் 1905இன் பட்டறிவால் உயிர்பெற்ற சோவியத்துகளும் அவ்விடத்தை நிரப்பின. 1917 பிப்ரவரி 23 அன்று (புதிய நாட்காட்டியில் மார்ச் 8) பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் தொடங்கிய வேலைநிறுத்தம், சில நாள்களுக்குள் நகரெங்கும் பரவியது.

ஈரானில் பள்ளிவாசலும் பஜாரும் அமைப்பு வலையாயின. 1978 ஜனவரியில் கும் நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தோருக்கான நாற்பதாம் நாள் துக்க நிகழ்வு தப்ரீஸில் பெருங்கிளர்ச்சியாயிற்று. அங்கு இறந்தோருக்கான நாற்பதாம் நாள் பிற நகரங்களில் அடுத்த கிளர்ச்சியாயிற்று. அடக்குமுறையே அடுத்த எதிர்ப்புக்கு நாள் குறித்துக் கொடுத்தது எனலாம். அரசு கட்சிகளைத் தடை செய்ய முடிந்தது. துக்கம் காப்பதைத் தடை செய்ய இயலவில்லை. அவ்வாண்டின் இறுதியில் எண்ணெய்த் தொழிலாளர் மேற்கொண்ட வேலைநிறுத்தம் அரசின் வருவாய் ஊற்றையே அடைத்தது.

படையின் கீழ்ப்படிதல்: 1905, 1917

மேற்கூறிய மூன்று கூறுகளும் ருஷ்யாவில் 1905இலேயே காணப்பட்டன. ஜப்பானுடனான போரில் அரசு தோல்வியுற்றது. கருவூலம் நலிந்திருந்தது. தாராளவாத மேல்தட்டினர் அரசமைப்பைக் கோரினர். ஜனவரியில் நிகழ்ந்த ‘குருதி ஞாயிறு’ முதல் அக்டோபர் பொது வேலைநிறுத்தம் வரை மக்கள் எழுச்சி நாடெங்கும் பரவியது. ஆயினும் ஜார் ஆட்சி வீழவில்லை. செப்டம்பரில் ஜப்பானுடன் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. அக்டோபர் அறிக்கையின் மூலம் டூமா அவை வாக்களிக்கப்பட்டு மிதவாதிகள் பிரிக்கப்பட்டனர். பொட்டெம்கின் போர்க்கப்பல் போன்ற சிற்சில கலகங்கள் தவிரப் படையின் பெரும்பகுதி கட்டுக்குள் நின்றது. டிசம்பரில் மாஸ்கோ எழுச்சி படைபலத்தால் நசுக்கப்பட்டது.

1917இல் நிலைமை வேறாயிற்று. பெட்ரோகிராடில் இருந்த படையினருள் பலர் போர்முனைக்கு அனுப்பப்படுவதை அஞ்சிய புதிய வீரர்கள். பிப்ரவரி 26 அன்று கூட்டத்தின்மீது சுட்ட வொலின்ஸ்கி படைப்பிரிவினர், மறுநாள் காலை சுட மறுத்துக் கிளர்ந்தனர். அன்றே பிற பிரிவுகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன. மார்ச் 2 அன்று (புதிய நாட்காட்டியில் மார்ச் 15) ஜார் முடிதுறந்தார். ஒரே நாடு, ஒரே மன்னர், ஒத்த குறைகள். முடிவு மட்டும் வேறு. வேற்றுமை முறையின்படி, இவ்விரு நிகழ்வுகளையும் பிரித்துக் காட்டும் முதன்மைக் கூறு படையின் கீழ்ப்படிதலே ஆகும்.

பிற இரு நாடுகளும் இதனை உறுதி செய்கின்றன. 1789 ஜூலை 14 அன்று பாஸ்டில் சிறைக்கோட்டையின் வீழ்ச்சிக்குக் கிளர்ச்சியாளரோடு இணைந்த பிரெஞ்சுக் காவற்படையினரும் அவர்கள் கொணர்ந்த பீரங்கிகளும் பெரிதும் உதவின. ஈரானில் 1979 பிப்ரவரி 11 அன்று படைத்தலைமை நடுநிலை அறிவித்ததும் முடியாட்சியின் இறுதி அரசு வீழ்ந்தது. தாது வருடப் பஞ்சக் காலத்துப் பிரித்தானிய இந்திய அரசோ, படையையும் வருவாய் நிருவாகத்தையும் உள்நாட்டு மேல்தட்டினரின் ஒத்துழைப்பையும் இழக்கவில்லை. முன்னுரையில் சுட்டிய முரணுக்கு விடை இதுவே.

விளைவுகள்: அதிகாரம், உடைமை, உரிமை

புரட்சியின் விளைவுகளை ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ என்னும் ஒரே சொல்லால் மதிப்பிடுதல் பொருந்தாது. அரசு அதிகாரம், உடைமை உறவு, அரசியல் உரிமை ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்க வேண்டும்.

அரசு அதிகாரம் மூன்று நாடுகளிலும் முன்னினும் வலுவடைந்தது. பிரான்சு 1790இல் 83 நிருவாக மாவட்டங்களாகச் சீராகப் பிரிக்கப்பட்டது. 1793இன் பொதுப் படைத்திரட்டு எந்த மன்னராலும் இயலாத அளவில் மக்களைப் படைக்கு அழைத்தது. 1800இல் நெப்போலியன் அமைத்த மாவட்ட ஆட்சியர் முறை அதிகாரக் குவிப்பை நிறைவு செய்தது. ருஷ்யாவில் ஒரே கட்சியின் அரசு, பொருளியலையும் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. ஈரானில் முடியாட்சியின் அரசு இயந்திரம் நீடித்ததோடு, 1979இல் உருவாக்கப்பட்ட புரட்சிக் காவற்படை போன்ற புதிய அமைப்புகளும் அதனுடன் சேர்ந்தன. டோக்வில்லின் இரண்டாம் கருத்து அவர் காணாத இரு நாடுகளுக்கும் பொருந்துகிறது.

உடைமை மாற்றத்தில் வேறுபாடு மிகுதி. பிரான்சில் 1789 ஆகஸ்டு 4 இரவில் தொடங்கிய நிலமானிய உரிமை ஒழிப்பு, 1793 ஜூலையில் இழப்பீடு இன்றி நிறைவுற்றது. திருச்சபையின் நிலங்கள் விற்கப்பட்டன. 1814இல் முடியாட்சி மீண்டபோதும் அந்நில விற்பனை செல்லாததாக்கப்படவில்லை; வாங்கியோர் எண்ணற்றோராய்ப் பெருகியிருந்தமையே காரணம். ருஷ்யாவில் 1917இன் நில ஆணை நிலக்கிழாரின் நிலங்களை உழவர்க்கு அளித்தது. ஆனால், 1929இல் தொடங்கிய கட்டாயக் கூட்டுப்பண்ணை முறை அந்நிலத்தை அவர்களிடமிருந்து மீளப் பெற்றது. 1932–33இன் பெரும்பஞ்சம் அதன் கொடிய விளைவு. நிலம் பெற்றோர் சட்டத்தாலும் தம் ஒன்றிணைந்த வலிமையாலும் அதனைக் காக்க இயன்ற இடத்தில் மாற்றம் நிலைத்தது. அரசே எதிர்த்து நின்ற இடத்தில் அது நிலைக்கவில்லை.

அரசியல் உரிமையில் மூன்று புரட்சிகளும் தம் முழக்கங்களுக்கு மாறான திசையில் சென்றன. 1789 ஆகஸ்டில் மனித உரிமைகளை அறிவித்த பிரான்சில், 1793–94இன் பயங்கர ஆட்சியின்போது ஏறத்தாழ 17,000 பேர் தண்டனைத் தீர்ப்பின்படி கொல்லப்பட்டனர். ருஷ்யாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை 1918 ஜனவரியில் ஒரே நாள் கூடிக் கலைக்கப்பட்டது. ஈரானில் தாராளவாதிகளும் இடதுசாரிகளும் பெண்களும் இணைந்து பெற்ற வெற்றி, 1979 டிசம்பரில் ஏற்கப்பட்ட அரசமைப்பின் வழி சமய அறிஞரின் தலைமையில் சென்று சேர்ந்தது. கட்டாய ஹிஜாப் முறையை எதிர்த்து 1979 மார்ச்சிலேயே பெண்கள் தெருவில் இறங்க வேண்டியதாயிற்று.

திசைமாற்றத்தின் காரணம்

இத்திசைமாற்றத்திற்குப் போரே காரணம் என்போர் உளர். 1792இல் பிரான்சும், 1918 முதல் ருஷ்யாவும், 1980 முதல் ஈரானும் போரில் சிக்கின. போர் அச்சத்தையும் கட்டாயப் படைத்திரட்டலையும் உட்பகைவர் குறித்த ஐயத்தையும் வளர்த்தது உண்மை. பிரான்சைப் பொறுத்தவரை இவ்விளக்கம் பெரிதும் பொருந்துகிறது. ஆயினும் ருஷ்யாவின் ‘சேக்கா’ என்னும் அடக்குமுறை அமைப்பு, உள்நாட்டுப் போர் முழுவீச்சில் மூளுவதற்கு முன்பே 1917 டிசம்பரில் நிறுவப்பட்டது. ஈரானின் அரசமைப்பு, ஈராக் படையெடுப்புக்கு ஒன்பது மாதங்கள் முன்னரே ஏற்கப்பட்டது. விளைவு காரணத்திற்கு முந்தி நிகழ இயலாது. எனவே போர் திசைமாற்றத்தை விரைவுபடுத்தியதே அன்றி, எல்லா இடங்களிலும் தோற்றுவிக்கவில்லை.

இன்னும் ஆழமான காரணம், பழைய அரசு வீழ்ந்தபின் தோன்றும் இரட்டை அதிகாரமாகும். ருஷ்யாவில் தற்காலிக அரசும் சோவியத்தும், ஈரானில் பசர்கானின் இடைக்கால அரசும் அயதுல்லா கொமெய்னியின் புரட்சிப் பேரவையும் எதிரெதிரே நின்றன. சட்டப் பொறுப்பு ஒரு பக்கமும் மக்கள் செல்வாக்கு மறுபக்கமும் பிரிந்து கிடக்கும் அந்நிலையில், கட்டுக்கோப்பான அமைப்பை ஏற்கெனவே உடையோரே வெல்கின்றனர். தற்காலிக அரசு போரைத் தொடர்ந்ததும் நிலப்பங்கீட்டைத் தள்ளிப்போட்டதும் போல்ஷ்விக்குகளுக்கு வாய்ப்பளித்தன. ஆட்சியை வீழ்த்திய கூட்டணி பரந்தது. ஆட்சியை ஏற்ற அமைப்போ குறுகியது. புரட்சிக்குப் பின் உரிமை இழப்பு நேர்வதன் வேர் இவ்விடைவெளியிலேயே உள்ளது.

முடிவுரை

இவ்வொப்பாய்வின் வழி பின்வருவன பெறப்படுகின்றன.

1. வறுமையும் ஒடுக்குமுறையும் மக்கள் எதிர்ப்புக்குக் காரணமாகலாம். அவை மட்டுமே அரசை வீழ்த்துவதில்லை.

2. நிதி நெருக்கடி, மேல்தட்டினரின் விலகல், அமைப்பு வலை வழிப்பட்ட மக்கள் எழுச்சி, படையின் கீழ்ப்படியாமை ஆகிய நான்கும் ஒரே காலத்தில் கூடுகையில் புரட்சி வெல்கிறது. அவற்றுள் இறுதிக் கூறு இல்லாதபோது, 1905இல் போல, எழுச்சி சீர்திருத்தத்தோடு நின்றுவிடுகிறது.

3. நெருக்கடி வறுமையிலிருந்து மட்டுமன்றி, ஈரானில் போல, வளத்திலிருந்தும் பிறக்கலாம்.

4. புரட்சிகள் அரசை வலுப்படுத்துகின்றன. உடைமை மாற்றம், பயன்பெற்றோர் அதனைக் காக்க இயன்ற அளவே நிலைக்கிறது.

5. உரிமைகளின் எதிர்காலத்தை முழக்கங்களைவிட இரட்டை அதிகாரக் காலத்தின் அமைப்பு வலிமையே பெரிதும் தீர்மானிக்கிறது.

மூன்று சான்றுகளைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் இயலாது. சீனா, கியூபா, ஹெய்ட்டி போன்ற நாடுகளின் புரட்சிகளையும், தோற்றுப்போன எழுச்சிகளையும் இவ்வளவைகளால் சோதித்தல் மேலாய்வுக்குரியது. வகுப்பறையில் காரணங்களைப் பட்டியலாக அளிக்கும் ஆசிரியர், ‘இக்காரணம் இருந்தும் புரட்சி நிகழாத நாடு எது?’ என்னும் ஒரு வினாவை உடன் சேர்ப்பாராயின், மாணவர் பட்டியலை மனனம் செய்வதிலிருந்து வரலாற்றைச் சிந்திக்கும் நிலைக்கு உயர்வர்.